எடுத்தவர்களும் கொடுத்தவர்களும்

மார்பகப் புற்றுநோயின் வரலாறு – பகுதி 9

அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் தன் கத்தியை மேலும் மேலும் அகலமாக ஓட்டிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். கட்டி திரும்பி வந்தால், இன்னும் கொஞ்சம் சேர்த்து வெட்டியிருக்க வேண்டும் என்பதே அவர் வழிவந்தவர்களின் பதில். மார்பு, அதன் அடியில் உள்ள தசை, அக்குளின் நிணநீர் முடிச்சுகள் என்று வெட்டு விரிந்துகொண்டே போனது. அதே 1890-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு மருத்துவர், மார்பில் வந்த புற்றுக்காக வயிற்றைத் திறந்தார்.

நோயாளிக்கு வயது 33. இரண்டு குழந்தைகளின் தாய். மார்பை ஏற்கெனவே அகற்றியாகிவிட்டது. ஆனால் புற்று அதே இடத்தில் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு மறுபடி வளர்ந்திருந்தது. மேற்கொண்டு வெட்ட வழியில்லை. 1895 மே மாதம் அவரைப் பரிசோதித்த ஜார்ஜ் தாமஸ் பீட்சன், அந்தப் பெண்ணையும் அவருடைய கணவரையும் உட்காரவைத்துப் பேசினார். சினைப்பைகள் இரண்டையும் எடுத்துவிட்டால் பலன் இருக்கலாம் என்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார். இது முழுக்க முழுக்கப் பரிசோதனை முயற்சிதான் என்பதையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

ஜூன் 15-ஆம் தேதி அறுவை நடந்தது. கூடவே தைராய்டு மாத்திரையும் கொடுத்துவந்தார் பீட்சன். வாரங்கள் செல்லச் செல்லக் கட்டி தட்டையாகி, மெலிந்து, சுருங்கியது. எட்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது புற்று இருந்த சுவடே இல்லை. 1896-ல் எடின்பரோ மருத்துவர்கள் முன்னிலையில் இதை விவரித்தார். அதே ஆண்டு ‘லான்செட்’ இதழிலும் கட்டுரை வெளிவந்தது. அந்தப் பெண் சுமார் நான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். பிறகு நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோனது.

மார்பில் உள்ள நோய்க்கும் அடிவயிற்றில் உள்ள உறுப்புக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கான பதிலைத் தேடியவர்கள் இரண்டு பாதைகளில் பிரிந்தார்கள். ஒரு பாதையில் போனவர்கள், பெண்ணுடலிலிருந்து ஹார்மோனை எடுத்துப் புற்றை அடக்கப் பார்த்தார்கள். இன்னொரு பாதையில் போனவர்கள், ஆரோக்கியமாக இருந்த பெண்களுக்கு அதே ஹார்மோனைக் கொடுத்தார்கள். இரு தரப்பும் ஒரே நூலகத்தில் ஒரே இதழ்களைப் படித்திருக்க முடியும். ஆனாலும் முதல் தரப்பு கண்டறிந்ததை இரண்டாம் தரப்பு காதில் வாங்கிக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

திருகோணமலையில் பிறந்தவர்

பீட்சன் 1848-ல் இலங்கையின் திருகோணமலையில் பிறந்தவர். தந்தை ராணுவ மருத்துவர். எடின்பரோவில் மருத்துவம் படித்த பீட்சனுக்கு, 1870-களில் மேற்கு ஸ்காட்லாந்தின் பண்ணைப் பகுதி ஒன்றில், மனநலம் குன்றிய ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கையில் நேரம் நிறைய இருந்தது. டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடும் எழுத வேண்டியிருந்தது. பக்கத்தில் ஆட்டுப் பண்ணை. குட்டிகளுக்குப் பாலை மறக்கடிக்கும் பருவம். பால் சுரப்பதைப் பற்றியே எழுதுவோம் என்று முடிவு செய்தார்.

அந்த ஆய்வில் இரண்டு விஷயங்கள் அவர் மனதில் ஒட்டிக்கொண்டன. பால் சுரக்கும் காலத்தில் மார்பின் உள் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. புற்றின் தொடக்கமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. இது முதலாவது. சில நாடுகளில், கன்று ஈன்ற பசுவின் சினைப்பைகளை விவசாயிகள் எடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு பசு நீண்ட நாள் கறக்கிறது. இது இரண்டாவது. அப்படியானால் மார்பில் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தொலைவில் இருக்கும் சினைப்பை தீர்மானிக்கிறது. இடையில் நரம்பு எதுவும் ஓடவில்லை. முயல்களில் சோதித்துப் பார்த்தார். ஆய்வேட்டை முடித்து, பட்டம் வாங்கி, கிளாஸ்கோவில் அறுவை மருத்துவராகி, கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் அந்த எண்ணத்தை மனதிலேயே வைத்திருந்தார்.

இதே யோசனை வேறொருவருக்கும் தோன்றியிருந்தது. வயதான பெண்களுக்கு மார்பகப் புற்று மெதுவாக வளர்கிறது என்பதைக் கவனித்த ஜெர்மன் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் ஷின்ட்சிங்கர், சினைப்பையை எடுத்து இளம் நோயாளிகளுக்குச் சீக்கிரமே முதுமையை வரவழைக்கலாம் என்று 1889-ல் சொன்னார். கேட்டவர்கள் ஆர்வம் காட்டவில்லை. அவரும் அதைச் செய்து பார்க்கவில்லை.

பீட்சன் செய்தார். பிரிட்டன் முழுக்கப் பலரும் அவரைப் பின்பற்றினார்கள். 1900-ல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டான்லி பாய்ட், அதுவரை நடந்த 54 அறுவைகளைத் தொகுத்துப் பார்த்தார். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் பலன் கிடைத்திருந்தது. அந்தப் பலனும் நிலைக்கவில்லை. கிருமிநாசினி முறைகள் வந்துவிட்டாலும் வயிற்றைத் திறப்பது அப்போது உயிரோடு விளையாடும் காரியம். மூன்றில் ஒருவருக்காக மீதி இருவரை ஏன் அறுக்க வேண்டும்? அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே சொல்லவும் வழியில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இந்தச் சிகிச்சை வழக்கொழிந்தது. மூன்றில் ஒருவருக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்குப் பதில் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

கன்னியாஸ்திரீகளும் கேள்வித்தாளும்

பீட்சனுக்கு வெகு முன்பே இத்தாலியின் படுவா நகரில் பெர்னார்டினோ ரமாஸினி ஒன்றைக் கவனித்திருந்தார். தொழில்வழி நோய்களைப் பற்றிய தன் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில், மற்றப் பெண்களைவிடக் கன்னியாஸ்திரீகளுக்கே மார்பகப் புற்று அதிகம் வருகிறது என்று எழுதினார். கன்னிமடங்கள் நிறைந்த நாட்டில் இருந்தவர் என்பதால் பார்க்க வாய்ப்பு இருந்தது. காரணம்தான் பிடிபடவில்லை.

அந்தக் காரணத்தை எண்களோடு தேடிப் போனவர் இங்கிலாந்தின் ஜேனட் லேன்-கிளேபன். ‘ஹார்மோன்’ என்ற சொல்லை 1905-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த எர்னஸ்ட் ஸ்டார்லிங்கோடு சேர்ந்து, மறு ஆண்டே முயல்களின் பால்சுரப்பி வளர்ச்சியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர் அவர். இருபது ஆண்டுகள் கழித்து, பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகத்துக்காக அதே உறுப்பிடம் வேறு வழியில் திரும்பி வந்தார். லண்டன், கிளாஸ்கோ மருத்துவமனைகளில் மார்பகப் புற்று வந்த சுமார் 500 பெண்கள். புற்று இல்லாமல் வேறு நோய்களுக்காக வந்த ஏறக்குறைய அதே எண்ணிக்கைப் பெண்கள். இரு தரப்பிடமும் ஒரே கேள்விகள். எந்த வயதில் திருமணம்? எத்தனை பிள்ளைகள்? எத்தனை மாதம் தாய்ப்பால் கொடுத்தீர்கள்? மாதவிடாய் எப்போது நின்றது?

1926-ல் அறிக்கை வெளிவந்தது. புற்று வந்த பெண்கள் தாமதமாக மணம் புரிந்திருந்தார்கள். குறைவாகப் பிள்ளை பெற்றிருந்தார்கள். குறைந்த காலமே பால் கொடுத்திருந்தார்கள். நோயுற்றவர்களையும் மற்றவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்கும் இந்த முறைதான், பின்னாளில் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறியப் பயன்பட்டது. 1929-ல் லேன்-கிளேபன் திருமணம் செய்துகொண்டார். மணமான பெண்ணுக்கு அரசுப் பணியில் இடமில்லாத காலம் அது. அவருடைய ஆய்வு வாழ்க்கை அதோடு முடிந்தது.

ஆனால் அவர் கண்டறிந்தது நிலைத்து நின்றது. 2002-ல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் அபாயம் 7 சதவீதமும், தாய்ப்பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் கூடுதலாக 4.3 சதவீதமும் குறைவது தெரிந்தது. பூப்பெய்துவது ஓராண்டு முந்தினால் அபாயம் சுமார் 5 சதவீதம் கூடுகிறது. மாதவிடாய் நிற்பது ஓராண்டு தள்ளிப்போனால் சுமார் 3 சதவீதம் கூடுகிறது. சினைப்பை எத்தனை ஆண்டுகள் மாதாமாதம் ஹார்மோனை அனுப்பியது, அந்தச் சுழற்சியில் எத்தனை முறை இடைவெளி விழுந்தது என்பதை மார்பகம் கணக்கில் வைத்துக்கொள்கிறது. பிள்ளையே பெறாத கன்னியாஸ்திரீக்கு அந்த இடைவெளி ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. ரமாஸினிக்குப் பிடிபடாமல் போனது இதுதான்.

கிரான்பி ஊரின் சுண்டெலிகள்

மனிதர்களிடம் கேள்விதான் கேட்க முடியும். சினைப்பையை எடுத்தால் என்ன, சேர்த்தால் என்ன என்று செய்து பார்க்க விலங்குகள் வேண்டும். அவற்றைக் கொடுத்தவர் விஞ்ஞானி அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்னும் சிற்றூரில் வாழ்ந்த அபி லாத்ராப், உடல்நலம் காரணமாக வேலையை விட்ட பள்ளி ஆசிரியை. கோழி வளர்த்துப் பார்த்தார், சரிப்படவில்லை. வீட்டில் செல்லமாக வளர்ப்பதற்குச் சுண்டெலிகளை விற்கத் தொடங்கினார். ஆய்வுக்கூடங்களிலிருந்தும் கிராக்கி வந்தது. ஒரு கட்டத்தில் அவருடைய கொட்டகைகளில் 11,000-க்கும் மேற்பட்ட எலிகள் இருந்தன. கூண்டுகளைச் சுத்தம் செய்ய ஊர்ச் சிறுவர்களுக்கு மணிக்கு 7 சென்ட் கூலி கொடுத்தார்.

எந்த எலி எந்த ஜோடிக்குப் பிறந்தது என்று நோட்டுப் போட்டு எழுதிவைப்பது அவர் வழக்கம். 1908 வாக்கில் சில எலிகளின் உடலில் விசித்திரமான கட்டிகளைப் பார்த்து, தெரிந்த ஆய்வாளர்களுக்கு அனுப்பிவைத்தார். நோய்க்கூறியல் அறிஞர் லியோ லோப் அவை புற்று என்று உறுதிசெய்தார். அதன்பின் இருவரும் சேர்ந்து பத்து ஆண்டுகள் உழைத்தார்கள். சில பரம்பரைகளில் பெண் எலிகளுக்கு மார்பகப் புற்று அதிகம், சிலவற்றில் குறைவு. அதிகமாக வரும் பரம்பரையிலும், இளம் வயதிலேயே சினைப்பையை எடுத்துவிட்டால் புற்று வெகுவாகக் குறைந்தது. 1916-ல் இதை வெளியிட்டார்கள். பீட்சன், வந்த புற்றைச் சுருக்கினார். லோபும் லாத்ராப்பும் வராமலே தடுக்க முடியும் என்று காட்டினார்கள்.

1929-ல் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் ஒன்று முதன்முறையாகத் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1932-ல், பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் அந்துவான் லகசான் மறுபக்கத்தையும் சோதித்தார். பெண் எலிகளுக்கு மார்பகப் புற்று வரும் பரம்பரையில் ஆண் எலிகளுக்கு அது வருவதில்லை. அந்த ஆண் எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசியைத் தொடர்ந்து போட்டார். ஆண் எலிகளுக்கு மார்பகப் புற்று வந்தது. எடுத்தால் குறைகிறது, கொடுத்தால் வருகிறது: சான்று இரு திசையிலும் கிடைத்துவிட்டது. பரம்பரையாகவே அபாயம் உள்ள பெண்களுக்கு இந்த ஹார்மோனை எதிர்க்கும் பொருள் ஒன்றைக் கொடுத்து நோயைத் தடுக்கலாம் என்று 1936-லேயே லகசான் எழுதினார். அப்படி ஒரு பொருள் அப்போது உலகில் இல்லை.

குதிரைச் சிறுநீரிலிருந்து ஒரு மாத்திரை

இனி கொடுத்தவர்களின் கதை. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பல பெண்களுக்கு உடம்பெல்லாம் திடீரென்று அனல் அடிக்கும். இரவில் வியர்த்துக் கொட்டித் தூக்கம் கெடும். குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால் இந்தத் தொல்லைகள் தணியும். இதில் சந்தேகமே இல்லை, இன்றுவரை இதைவிடப் பலன் தரும் மருந்து இல்லை. சிக்கல், விலையாக இருந்தது. 1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை மலிவாகத் தயாரித்துக் காட்டியது. 1942-ல் அமெரிக்கச் சந்தைக்கு பிரெமரின் வந்தது. சினைப்பட்ட குதிரைகளின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் அபரிமிதம். அதிலிருந்து பிரித்து மாத்திரையாக்கியிருந்தார்கள்.

தொல்லை தணியும்வரை கொடுப்பது என்று இருந்தது, ஆயுள் முழுக்கக் கொடுப்பது என்று மாறியதில் ராபர்ட் வில்சனுக்குப் பெரும் பங்கு உண்டு. நியூயார்க் மகப்பேறு மருத்துவர். மாதவிடாய் நிற்பது இயற்கையின் ஒரு கட்டம் அல்ல, பற்றாக்குறை நோய் என்பது அவர் வாதம். நீரிழிவுக்கு இன்சுலின் மாதிரி இதற்கு ஈஸ்ட்ரோஜன் என்றார். 1966-ல் அவர் எழுதிய ‘ஃபெமினைன் ஃபாரெவர்’ அமோகமாக விற்றது. அந்தப் புத்தகத்துக்கான செலவை மருந்து நிறுவனம் ஏற்றதாகப் பின்னாளில் அவருடைய மகனே பத்திரிகையிடம் சொன்னார்.

ஈஸ்ட்ரோஜன் புற்றை வரவழைக்காதா என்ற கேள்விக்கு வில்சன் முன்கூட்டியே ஒரு பதில் வைத்திருந்தார். ஹார்மோன் எடுத்துக்கொண்ட 304 பெண்களைக் கவனித்ததாகவும் ஒருவருக்குக்கூட மார்பகப் புற்றோ கர்ப்பப்பைப் புற்றோ வரவில்லை என்றும் 1962-ல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க ஹார்மோன் எடுக்காத பெண்கள் அந்த ஆய்வில் இல்லை. லேன்-கிளேபன் 1926-ல் தவறாமல் செய்ததை வில்சன் 1962-ல் செய்யவில்லை.

1975-ல் முதல் அடி விழுந்தது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கர்ப்பப்பையின் உள்வரிப் புற்று பல மடங்கு அதிகம் என்று ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. விற்பனை சரிந்தது. ஆனால் சீக்கிரமே பரிகாரமும் கிடைத்தது. ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்தால் கர்ப்பப்பை தப்பித்துவிடும். கர்ப்பப்பையைக் காப்பாற்றச் சேர்த்த அந்த இரண்டாவது மருந்து மார்பகத்தை என்ன செய்யும் என்று கேட்டவர்கள் குறைவு.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1976-ல் ராபர்ட் ஹூவர் குழு, ஈஸ்ட்ரோஜன் எடுத்த 1,891 பெண்களில் 39 பேருக்கு எதிர்பார்த்த இடத்தில் 49 பேருக்கு மார்பகப் புற்று வந்ததை வெளியிட்டது. 1989-ல் ஸ்வீடனில் 23,244 பெண்களைத் தொடர்ந்து கவனித்தவர்கள், கூட்டு மாத்திரையை நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு அபாயம் கூடுதல் என்றார்கள். இவற்றையெல்லாம் ஒரே வாதம் அடக்கியது: இதயம். ஹார்மோன் எடுக்கும் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. மார்பகப் புற்றைவிட மாரடைப்பில் சாகும் பெண்கள் பல மடங்கு. ஆகவே நிகர லாபம்தானே என்றார்கள் மருத்துவர்கள். ஹார்மோன் எடுத்த பெண்கள் பொதுவாகவே வசதியானவர்கள், படித்தவர்கள், உடம்பைப் பேணியவர்கள், மருத்துவரிடம் ஒழுங்காகப் போனவர்கள். இதயத்தைக் காத்தது மாத்திரையா, வசதியா என்பதை அந்த ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

அதே 1966

வில்சனின் புத்தகம் கடைக்கு வந்த அதே 1966-ல், ஸ்டாக்ஹோமில் சார்லஸ் ஹக்கின்ஸ் நோபல் பரிசு வாங்கினார். ஆண்களின் புராஸ்டேட் புற்றை ஹார்மோன் வழியாக அடக்க முடியும் என்று காட்டியதற்கான பரிசு அது. 1951-ல் முற்றிய மார்பகப் புற்று உள்ள பெண்களுக்கு அட்ரினல் சுரப்பிகளையும் எடுத்துப் பார்த்தவர் அவர். சினைப்பை ஓய்ந்த பிறகும் அட்ரினல் அனுப்பும் மூலப்பொருளிலிருந்து உடல் ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொள்கிறது. அந்த வேலை பெரும்பாலும் கொழுப்புத் திசுவில் நடக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு உடல் பருமன் மார்பகப் புற்றின் அபாயத்தைக் கூட்டுவது இதனால்தான்.

சிகாகோவில் ஹக்கின்ஸின் ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்த எல்வுட் ஜென்சனிடம்தான் பாய்ட் விட்டுச்சென்ற கேள்வி வந்து சேர்ந்தது. மூன்றில் ஒருவருக்கு மட்டும் ஏன்? ஈஸ்ட்ரோஜன் மூலக்கூறில் கதிரியக்க ஹைட்ரஜனைப் பொதித்து எலிகளுக்குச் செலுத்தினார் ஜென்சன். ரத்தத்தில் அது எல்லா உறுப்புகளுக்கும் போனது; ஆனால் கர்ப்பப்பை போன்ற சில திசுக்கள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. அந்தத் திசுக்களில் ஈஸ்ட்ரோஜனுக்கென்றே ஒரு புரதம், ஓர் ஏற்பி இருந்தது. 1958-ல் வியன்னா மாநாட்டில் இதை அவர் பேசியபோது அரங்கில் ஐந்தாறு பேருக்கு மேல் இல்லை.

சில மார்பகக் கட்டிகளில் இந்த ஏற்பி இருந்தது, சிலவற்றில் இல்லை. ஏற்பி உள்ள கட்டிகளில் பாதிக்கு மேல் ஹார்மோனை நிறுத்தினால் சுருங்கின. ஏற்பி இல்லாதவற்றில் பத்தில் ஒன்றுகூட அசையவில்லை. பீட்சனின் நோயாளிக்கு அந்த ஏற்பி இருந்திருக்க வேண்டும். இனி கட்டியின் சிறு துண்டைச் சோதித்தாலே யாருக்குப் பலன் கிடைக்கும் என்று சொல்லிவிடலாம். அனைவரையும் அறுக்க வேண்டியதில்லை.

லகசான் கேட்ட பொருளும் வந்தது, எதிர்பாராத வாசல் வழியாக. இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் ஆர்தர் வால்போல் குழு கருத்தடை மாத்திரை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. 1962-ல் வேதியியலாளர் டோரா ரிச்சர்ட்சன் தயாரித்துக் கொடுத்த ஐசிஐ 46,474, பெண் எலிகளிடம் கருவைத் தடுத்தது. பெண்களிடமோ சினைமுட்டை வெளிவருவதைத் தூண்டியது! கருத்தடைக்கு ஆகாத சரக்கு. ஆனால் மார்பகத்தில் அது ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டது. பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல: துண்டு பயணம் செய்யப்போவதில்லை, ஆனால் ஏறி வந்தவர் உட்கார முடியாது. 1971-ல் மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல் குழு 46 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 10 பேருக்குப் பலன் கிடைத்தது. சந்தை சிறியது என்று நிறுவனம் கைவிடப் பார்த்தது. வால்போல் பிடிவாதமாக நின்றார். இன்று உலகெங்கும் தரப்படும் டமாக்சிபென் அதுதான்.

கிரேக் ஜோர்டன் என்ற இளம் மருந்தியலாளர், அதே மருந்து எலிகளுக்குப் புற்று வராமலே தடுப்பதை 1970-களில் காட்டினார். 1998-ல் அமெரிக்காவில், அபாயம் அதிகமுள்ள ஆனால் நோயில்லாத 13,388 பெண்களிடம் நடந்த சோதனையில் டமாக்சிபென் புதிய மார்பகப் புற்றை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. கர்ப்பப்பைப் புற்றும் ரத்தக்கட்டும் சிலருக்கு வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு பக்கம் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்து மார்பகப் புற்றைப் பாதியாக்கிய அதே நாட்டில், மறுபக்கம் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

16,608 பேர்

இந்த முரண்பாட்டைத் தீர்க்க ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான். யாருக்கு ஹார்மோன், யாருக்கு வெற்று மாத்திரை என்பதை வசதியோ விருப்பமோ தீர்மானிக்கக் கூடாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு முதல் பெண் தலைவராக வந்த பெர்னடீன் ஹீலி, 1991-ல் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெரும் ஆய்வை அறிவித்தார். 50 முதல் 79 வயதுக்குள், கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள் கூட்டு மாத்திரைச் சோதனையில் சேர்ந்தார்கள். ஹார்மோன் இதயத்தைக் காப்பதை நிரூபிக்கும் என்பதே பலருடைய எதிர்பார்ப்பு. எட்டரை ஆண்டுகள் நடக்க வேண்டிய சோதனை சராசரியாக 5.2 ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. 2002 ஜூலையில் முடிவு வெளியானது.

பத்தாயிரம் பெண்களை ஓராண்டு கவனித்தால், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்று. ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு. பக்கவாதம் 8 பேருக்கும், நுரையீரல் ரத்தக்கட்டு 8 பேருக்கும் அதிகம். குடல் புற்று 6 பேருக்கும், இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்கும் குறைவு. காப்பாற்றும் என்று நம்பிய இதயத்திலோ, நோய் 7 பேருக்கு அதிகம்! இருபது ஆண்டுகளாக எல்லா எச்சரிக்கைகளையும் அடக்கிவந்த வாதம் ஒரே நாளில் உடைந்தது. மறு ஆண்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பெண்களைக் கவனித்த ஆய்வும், கூட்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு மார்பகப் புற்றின் அபாயம் இரு மடங்கு என்றது.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 9 கோடியாக இருந்த ஹார்மோன் மருந்துச் சீட்டுகள் 2003-ல் 6 கோடிக்கும் கீழே இறங்கின. அதன்பின் நடந்ததை எவரும் அவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. 2003-ல் அந்த நாட்டின் மார்பகப் புற்று விகிதமே முந்தைய ஆண்டைவிட 6.7 சதவீதம் குறைந்தது. சரிவு பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய பெண்களிடம்தான். அதிலும் குறிப்பாக, ஜென்சனின் ஏற்பி உள்ள கட்டிகளில். ஹார்மோனை எடுத்துவிட்டால் கட்டி சுருங்குகிறது என்று கிளாஸ்கோவில் ஒரு பெண்ணிடம் பார்த்ததை, 107 ஆண்டுகள் கழித்து ஒரு நாடே பார்த்தது.

கணக்கு இடிக்கும் இடம்

இங்கேயே முற்றுப்புள்ளி வைத்தால் கதை அழகாக முடியும். ஆனால் உண்மை அத்தனை நேர்கோட்டில் இல்லை. கர்ப்பப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்த இன்னொரு சோதனையும் உடன் நடந்தது. பக்கவாதம் கூடியதால் அதை 2004-ல் நிறுத்தினார்கள். ஆனால் அவர்களிடம் மார்பகப் புற்று கூடவில்லை. நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து 2020-ல் வெளியிட்டபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைந்தே இருந்தது. அப்படியானால் குற்றவாளி கர்ப்பப்பையைக் காக்கச் சேர்த்த இரண்டாவது ஹார்மோனா?

பிரிட்டனில் அலெக்சாண்டர் ஹாடோ 1944-லேயே ஒரு விசித்திரத்தைப் பதிவுசெய்திருந்தார். மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான பெண்களுக்கு ஸ்டில்பெஸ்ட்ராலை அதிக அளவில் கொடுத்தபோது சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே வாழப் பழகிவிட்ட புற்றுச் செல்கள், அது திடீரென்று வந்தால் மடிகின்றன என்று ஜோர்டன் பின்னாளில் விளக்கினார். எல்லோரும் இதோடு உடன்படவில்லை. 2019-ல் 58 ஆய்வுகளைத் திரட்டிய ஆக்ஸ்ஃபோர்டு குழு, ஈஸ்ட்ரோஜன் தனியாகவும் அபாயத்தைச் சிறிதளவு கூட்டுகிறது என்றே முடிவுகண்டது. 50 வயதில் தொடங்கி ஐந்தாண்டுகள் கூட்டு மாத்திரையைத் தினமும் எடுத்தால் 50 பெண்களில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்று. ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200 பேரில் ஒருவருக்கு. இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, அனல் தாங்க முடியாமல் தவிக்கும் ஒரு பெண் மருத்துவர் சொல்படி சில காலம் ஹார்மோன் எடுப்பது வேறு. இளமையைத் தக்கவைக்கக் கோடிக் கணக்கானோர் ஆயுள் முழுக்க எடுப்பது வேறு. முதலாவது சிகிச்சை. அதில் பலனையும் அபாயத்தையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எடைபோட்டுத் தீர்மானிக்க முடியும். இரண்டாவதை நியாயப்படுத்த, ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாத ஆய்வும் விளம்பரமும் தேவைப்பட்டன. எடுத்தவர்கள் கையில் சான்று இருந்தது, சந்தை இல்லை. கொடுத்தவர்களிடம் சந்தை இருந்தது. சான்றுக்காக அவர்கள் 2002 வரை காத்திருக்கவில்லை.

இன்னொரு கணக்கும் தீராமல் இருக்கிறது. மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு அந்த ஏற்பியே கிடையாது. டமாக்சிபென் அங்கே செல்லாது. அபி லாத்ராப்பின் நோட்டுப் புத்தகத்தில் அதற்கான தடயம் ஒன்று இருந்தது: சில பரம்பரைகளில் அதிகம், சிலவற்றில் குறைவு. 1990-ல் மேரி-கிளேர் கிங் மனிதக் குடும்பங்களில் அதே தடயத்தைப் பிடித்துக்கொண்டு 17-ஆவது குரோமோசோமில் போய் நின்றார். அவர் சுட்டிக்காட்டிய மரபணு பழுதாகி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஏற்பி இல்லாத வகைதான்.

(அடுத்த இதழில்: குடும்பங்களைத் துரத்திய மரபணு)